செவிக்கு ஒரு தராசு



சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் அவர்கள் நடத்திய அந்நிறுவனத்திலிருந்து 1956-ஆம் ஆண்டில் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வெளிவந்தது. அக்காலத்தில் படச்சுருளின் ஓரத்தில் ஒளியின் ஏற்றக்குறைவாகப் பதிந்து கிடந்த பாட்டொலி, இன்று எண்களாக மாறி நாமக்கல் மாணவர் ஒருவரின் கைப்பேசியில் அடங்கியிருக்கிறது. குறுந்தட்டு முறையில் விநாடிக்கு 44,100 முறை ஒலியலை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. எண்களைச் செவி கேளாது. அவற்றை மீண்டும் மின்னலையாக்கித் தரும் கருவியே எண்ணொலி மாற்றி. கடைவீதியில் அதனை ‘டாக்’ என்பர்.

இக்கருவி சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. இலட்ச ரூபாய்க்கும் கிடைக்கிறது. விலையுயர்ந்ததைக் கேட்டவர், “திரை விலகியது போல் இருக்கிறது” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவர் உணர்ந்த வேறுபாடு கருவியில் இருந்ததா, அவர் உள்ளத்தில் இருந்ததா? இளம்பிள்ளையில் தறி ஓட்டும் தந்தை ஒருவர், தம் ஒரு மாத ஊதியத்தை மகனுடைய இசையார்வத்துக்காகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது இந்தக் கேள்வி வெறும் விளையாட்டுக் கேள்வி ஆகாது.

நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டியை எண்ணிப் பாருங்கள். ஈர மஞ்சளையும் நன்கு உலர்ந்த மஞ்சளையும் நிறுத்துவிட்டு, எடை மிகுந்ததே நல்ல விளைச்சல் என்று எவரேனும் தீர்ப்புச் சொல்வரோ? நீரின் கனம் எடையில் சேர்ந்துவிடுகிறது அன்றோ? ஒலியிலும் அத்தகைய ஈரம் ஒன்று உண்டு. அதுவே ஒலியின் உரப்பு. சற்றே உரத்து ஒலிப்பது நம் செவிக்குத் தெளிவானதாகவும் செழுமையானதாகவும் தோன்றும். உரப்புக் குறையும்போது தாழ்ந்த சுரங்கள் செவிக்கு மிகுதியாக மங்குகின்றன என்பதை அமெரிக்க அறிஞர்களாகிய பிளெச்சர், மன்சன் இருவரும் 1933-இல் அளந்து காட்டினர். ஒரு மாற்றி 2 வோல்ட்டும் மற்றொன்று 2.3 வோல்ட்டும் தருமாயின், இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 1.2 டெசிபல் வேறுபாடு உண்டு. கேட்பவர் அதனை உரப்பென்று அறியாமல் தரமென்று கொள்வார்.

ஆதலால் முதற்கடமை, உரப்பைச் சமன் செய்தல். 400 அதிர்வெண்ணுள்ள ஒரே சுரத்தை இரு மாற்றிகளின் வழியாகவும் ஒலிக்கச் செய்து, ஒலிபெருக்கியின் முனைகளில் மின்னழுத்தத்தை மீட்டரால் அளக்க வேண்டும். இரண்டும் நூற்றில் ஒரு பங்குக்குள் ஒத்திருத்தல் நலம். பாட்டு, ஒலிபெருக்கி, அமரும் நாற்காலி யாவும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒலியின் நுண்மைகள் நினைவில் நெடுநேரம் தங்கா. எனவே நேற்றுக் கேட்டதை இன்று கேட்பதோடு ஒப்பிடலாகாது. பாட்டின் ஒரு சிறு பகுதியை உடனுக்குடன் மாற்றிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கண்ணை மறைத்தல். பெயரும் விலையும் தெரிந்த மாத்திரத்தில் செவி நடுநிலை இழக்கிறது. ஆகவே கருவிகளைத் திரைக்குப் பின் வையுங்கள். நண்பர் ஒருவர் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் மற்றொன்று என்று இணைக்கட்டும். முந்திய கருவியே மீண்டும் வரும்போதும், மாற்றுவது போலவே அவர் அதே நேரத்தைச் செலவிட வேண்டும். அவர் முகமும் குரலும் கேட்பவருக்கு எட்டலாகாது. ஒரு புன்னகையே விடையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது, எண்ணிக்கை. இங்கிலாந்தின் புள்ளியியல் அறிஞர் ரொனால்டு பிஷர் 1935-இல் எழுதிய நூலில் தேநீர்ச் சோதனை ஒன்றை விளக்கினார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்பதைச் சுவையாலேயே சொல்வேன் என்கிறார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பைகள், வகைக்கு நான்காக அவர்முன் வைக்கப்படுகின்றன. வெறும் ஊகத்தால் எட்டையும் சரியாகப் பிரிக்கும் வாய்ப்பு 70-இல் ஒன்று. நம் சோதனைக்கும் இக்கணக்கே வழிகாட்டி. 16 முறை கேட்பதென்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 12 அல்லது அதற்கு மேற்பட்ட விடைகள் ஊகத்தால் மட்டும் சரியாவதற்கு, நூற்றில் நான்குக்கும் குறைந்த வாய்ப்பே உண்டு. நடுவில் வெற்றி தெரிந்ததும் நிறுத்துவதும், தோல்வி கண்டால் நீட்டுவதும் முறையல்ல.

2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேயர், மோரன் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உயர்திறன் ஒலித்தட்டின் இசையை நேராகவும், குறுந்தட்டின் தரத்துக்குக் குறைத்தும், எது எதுவென்று அறிவிக்காமல் கேட்கச் செய்தனர். 554 முறைகளில் 276 விடைகளே சரியாயின. நாணயம் சுண்டினாலும் ஏறத்தாழ அவ்வளவே கிடைத்திருக்கும்.

இதனைக் கொண்டு மாற்றிகள் யாவும் ஒன்றே என்று முடிவு கட்டிவிடலாகாது. சோதனையில் வேறுபாடு தெரியவில்லையெனில், அந்தச் செவிக்கு, அந்தப் பாட்டில், அந்தக் கருவிகளிடையே தெரியவில்லை என்பதே பொருள். இரைச்சல் மிகுந்த மாற்றியும் உண்டு. சில காதணி ஒலிபெருக்கிகளோடு பொருந்தாத மாற்றியும் உண்டு. அத்தகைய குறைகளை இதே சோதனை வெளிப்படுத்தும்.

மாணவர்களே, இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு மீட்டர், ஒரு திரை, ஒரு நாணயம், விடைகளைக் குறிக்க ஒரு தாள், பொறுமையுள்ள ஒரு நண்பர் ஆகியவை போதும். கல்லூரி இயற்பியல் மன்றத்தில் ஒரு மாலைப்பொழுதில் இதனைச் செய்து பாருங்கள். முடிவு எதுவாயினும் அதனைத் தாளில் உள்ளபடியே படித்துக் காட்டுங்கள். கருவியைக் கடையில் வாங்குமுன் அந்தத் தாளை இல்லத்துப் பெரியோரிடமும் காட்டுங்கள்; பணம் அவர்களுடையது அல்லவா?