முதற்பிழையைத் தேடுதல்



வெண்பா யாத்துப் பழகியோர் இதனை அறிவர்: செவிக்கு இடறுவது வருஞ்சீரில், பிழையோ பல நேரம் நின்ற சீரில். வருஞ்சீரையே மாற்றி மாற்றி எழுதுபவன் இரவெல்லாம் விழித்திருப்பான். லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலைத் தன் கையால் தொகுக்க முற்படும் புதியவனின் நிலையும் அதுவே.

1991இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதற்பதிப்பு ஏறத்தாழ 10,000 வரிகளே. இன்று அது மூன்று கோடி வரிகளைக் கடந்து நிற்கிறது. மூல நிரலைப் பெற்று, தன் பொறிக்கு வேண்டிய உறுப்புகளைத் தேர்ந்து, 'மேக்' என்னும் கட்டளையை ஏவினால் தொகுப்பு தொடங்கும். ஆயிரக்கணக்கான வரிகள் திரையில் ஓடும். திடீரென நிற்கும். இறுதி வரியில் 'எர்ரர் 2' என்றிருக்கும்.

புதியவன் அதனையே நோயின் பெயரெனக் கொள்கிறான். அது நோயன்று, ஒப்பாரியின் கடைசிக் குரல். ஒரு 'மேக்' மற்றொன்றை ஏவ, அது இன்னொன்றை ஏவ, அடியில் உள்ளது தவறியதும் மேலுள்ளவை ஒவ்வொன்றாகக் கைவிரிக்கின்றன. மெய்யான பிழை பல வரிகள் மேலே புதைந்திருக்கும். பல பணிகளை ஒருங்கே ஓடவிட்டால் வெளியீடுகள் கலந்து தேடுவது கடினமாகும். ஒரே பணியாக மீண்டும் ஏவுவதே நல்வழி. முன்பே தொகுத்த கோப்புகள் பெரும்பாலும் மீளத் தொகுக்கப்படா. ஆதலின் தவறிய இடம் விரைவில் வந்துவிடும்.

அங்கே காண்பது பெரும்பாலும் எளியது. 'ஃப்ளெக்ஸ்', 'பைசன்' போன்ற கருவி இராது. ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் தலைப்புக் கோப்பு இராது. வட்டில் இடமே இராது. உபுண்டுவின் அமைவுக் கோப்பை அப்படியே எடுத்தாண்டவனுக்கு, அதில் குறித்த சான்றிதழ்க் கோப்பு தன் மூல நிரலில் இல்லாமையால் தொகுப்பு நிற்கும். அவ்விரு மேற்கோள் குறிகளுக்கிடையே உள்ளதை வெறுமையாக்கினால் போதும்.

1990களில் வேறொரு விந்தையும் இருந்தது. தொகுப்பியே 'சிக்னல் 11' என்று மடியும்; மறுமுறை வேறோர் இடத்தில் மடியும். ஒரே இடத்தில் நின்றால் நிரலையோ அமைவையோ ஐயுறலாம். இடம் மாறி மாறி நின்றால் நினைவகச் சில்லையோ வெப்பத்தையோ ஐயுற வேண்டும். நிரலை வரிவரியாகப் படித்துக் கண் பூத்தவர்கள் பலர். குற்றமோ பொறியின் வயிற்றில்!

தொகுப்பு முடிந்தாலும் அச்சம் முடிவதில்லை. வட்டை இயக்கும் நிரல் உட்கருவிலும் இன்றி, தொடக்கக் கோப்பமைப்பிலும் இன்றி விடுபட்டால், 'கெர்னல் பேனிக்' என்று திரை உறைந்துவிடும். பழைய உட்கருவை அழித்தவன் தன் பொறிக்குள்ளேயே நுழைய இயலாமல், வெளியிலிருந்து வேறொரு வட்டின் துணையை நாட வேண்டும். அழியாது வைத்தவனோ, 'கிரப்' பட்டியலில் பழையதைத் தேர்கிறான், பொறி விழிக்கிறது, அமைவுக் கோப்பைத் திறந்து, வட்டுக்குரிய வரி எங்கே விடுபட்டதெனத் தேடத் தொடங்குகிறான்.