முஹாஜிருக்கு நம் மஹல்லாவில் இடம் உண்டா?

 

 

சோழவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை, கொல்கத்தா நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் கிடங்குகளும் தொழிற்சாலைகளும் நிறைந்திருக்கின்றன. அங்கு உழைப்போரில் பீகார், ஒடிசா, வங்காளம், அஸ்ஸாம் மாநிலத்தவர் பலர். "இவர்கள் வந்துதானே நம் பிள்ளைகளின் வேலை போயிற்று?" என்னும் முணுமுணுப்பு நம்மிடையேயும் கேட்கிறது. இதற்கு மார்க்கம் கூறும் விடை என்ன?

நம்முடைய ஆண்டுக் கணக்கே ஹிஜ்ரத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஊரில் ஒடுக்கப்பட்டவன், அல்லாஹ்வின் பூமி விசாலமானதாய் இருக்க, அங்கேயே கிடந்து அழிய வேண்டியதில்லை என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 97ஆவது வசனம் உணர்த்துகிறது. தமக்கே தேவை இருந்தும் வந்தவர்களை முற்படுத்திய அன்ஸாரிகளை, அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 9ஆவது வசனம் புகழ்கிறது.

மதீனாவில் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள், தம் செல்வத்தில் பாதியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தர முன்வந்தார்கள். அவர்களோ பரக்கத்தை வேண்டி துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள். வந்தவர் மதீனாவுக்குச் சுமையாகவில்லை. அதன் சந்தையை வளர்த்தார்.

"அது ஸஹாபாக்களின் காலம், இன்று கூலி குறைகிறதே" என்பீர்கள். இக்கேள்வியைப் பொருளியல் அறிஞர்களும் ஆராய்ந்துள்ளனர். 1980இல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் அமெரிக்காவுக்குப் படகுகளில் வந்தனர். அவர்களில் பலர் மியாமி நகரிலேயே தங்கினர். அந்நகரின் தொழிலாளர் தொகை 7 விழுக்காடு உயர்ந்தது. ஆயினும் உள்ளூரார் கூலி பெரிதாகக் குறையவில்லை என்று டேவிட் கார்டு 1990இல் எழுதினார். பள்ளிப் படிப்பை முடிக்காதோரின் கூலி குறைந்தது என்று ஜார்ஜ் போர்ஜாஸ் பின்னாளில் மறுத்தார். விவாதம் இன்னும் முடியவில்லை. ஆகவே நம் ஊர்க் கொத்தனாரின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யலாகாது.

ஆனால் சிந்தித்துப் பாருங்கள்! வந்தவருக்கும் உள்ளூராருக்கும் ஒரே கூலி என்றால், கூலியைக் குறைப்பதற்காக எவரும் வெளியூராரைத் தேட மாட்டார். சமவேலைக்குச் சமகூலி என்று 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டமே விதித்திருந்தது. நடந்தது என்ன? 2011இல் நம் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளை ஒன்றிலிருந்து, ஒடிசாவைச் சேர்ந்த 500க்கும் மேற்பட்டோர் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டனர். முன்பணத்தால் கட்டுண்டவன் கூலி பேச முடியாது. அவனை அக்கட்டில் வைத்திருக்கும்வரை அருகிலுள்ளவனின் கூலியும் தாழும். ஆக, கூலியைத் தாழ்த்துவது அவனுடைய வருகையை விட, அவனைப் பூட்டிய விலங்கே ஆகும்.

இவ்விலங்கு நமக்குப் புதிதன்று. வளைகுடா சென்ற நம் பிள்ளைகள் கஃபாலத் முறையில் பட்ட இன்னலை அறிவோம். முதலாளியின் அனுமதியின்றி வேறு வேலைக்கு மாறலாம் என்று கத்தார் நாடு 2020இல்தான் விதியைத் திருத்தியது. அங்கே நம் மகனுக்கு எதை வேண்டி அழுதோமோ, அதை இங்கே பிறர் மகனுக்கு மறுக்கலாமா? தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஈமான் நிறைவு பெறாது என்பது நபிமொழியின் கருத்து அல்லவா?

வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரிக்கிறான். இது புகாரியில் பதிவாகியுள்ளது. அவ்வெச்சரிக்கை கூலியாளின் மொழியையோ மதத்தையோ பிரித்துப் பேசவில்லை.

ஆகவே அன்பர்களே, முதலில் நம் கடைகளையும் பட்டறைகளையும் பார்ப்போம். அங்குள்ள வெளியூர்த் தொழிலாளிக்கு உள்ளூர்க் கூலி கிடைக்கிறதா? அவருடைய அடையாள அட்டை அவர் கையில்தான் இருக்கிறதா? கூலி மறுக்கப்பட்டவர், எம்மதத்தவராயினும், ஜமாஅத்தை நாடி வந்தால் உடன் நிற்போம். ஜுமுஆவில் கடைசி ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு, எவரோடும் பேசாமல் போகும் சகோதரர்களின் பெயர்களை மஹல்லாப் பதிவேட்டில் எழுதுவோம். இங்கே அவருக்கு மவ்த் நேர்ந்தால், ஜனாஸாவை எடுக்கவும் அடக்கவும் அவருக்கென ஒரு ஜமாஅத் இருக்க வேண்டும்.

வந்தவரைத் தாங்கும் அன்ஸாரிகளாக நம்மையும் நம் சந்ததியினரையும் வல்ல ரஹ்மான் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.