ரொக்கம் சோறாகாது

(புதுவை பெரிய மார்க்கெட் அருகே நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தப் பெரிய மார்க்கெட்டில் இல்லாத காய் இல்லை; இல்லாத மீன் இல்லை. ஆனால் வேலை முடிந்து மாலையில் வரும் கூலிக்காரப் பெண் எதை வாங்குகிறாள்? கூறு கட்டிய வாடல் கத்தரிக்காயை! சரக்குக்குப் பஞ்சமில்லை, அவள் முந்தானை முடிச்சில்தான் பஞ்சம்.

இதற்கும் ரேஷன் கடைக்கும் சம்பந்தம் உண்டு. 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உரிமை என்றது. 2015 செப்டம்பரில் புதுவையில் அந்தத் தானியத்துக்குப் பதில் பாங்கிக் கணக்கில் ரொக்கம் என்றார்கள். 2019-ல் மந்திரிசபை அரிசி கொடு என்றது. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணம்தான் என்றார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. ரேஷன் கடைகளோ பூட்டிக் கிடந்தன.

ரொக்கத்தில் என்ன கோளாறு? சர்க்கார் தொகையைக் கணக்கிடுவது கொள்முதல் விலையை வைத்து. நாம் அரிசி வாங்குவது சில்லறைக் கடை விலையில். கடைக்காரர் விலையை ஏற்றுகிற அன்றே தொகையும் ஏறுமா? ஏறாது. பாங்கிக்குப் போய்வர அரை நாள் கூலி வேறு போகும். ஆனால் விலை எப்படி ஏறினாலும் 5 கிலோ அரிசி 5 கிலோதான்!

இன்னொன்றையும் யோசியுங்கள். அரிசி ரேஷனில் வந்துவிட்டால், கையிலுள்ள காசு கீரைக்கும் மீனுக்கும் போகும். குழந்தை உடம்பில் ரத்தம் ஊறும். கூடைக்காரியின் சரக்கும் விற்கும். ரேஷன் கடை இந்த மார்க்கெட்டுக்குப் பகையல்ல, துணை.

ஜனங்கள் ஓயாமல் கேட்டார்கள். 2024 அக்டோபரில் கடைகள் மீண்டும் திறந்தன. அதோடு திருப்தியடையலாமா? முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு. அங்கே ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எல்லைக்கு அந்தப் பக்கம் வயிறு வேறு, இந்தப் பக்கம் வயிறு வேறா?

1936 ஜூலை 30-ல் இதே புதுவையில் 12 மில் தொழிலாளர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். எட்டு மணி நேர வேலையை யாரும் நமக்குத் தானமாகத் தரவில்லை. பருப்பும் தானாக வராது.

ஆகவே ரேஷன் கடைக்குத் தனித்தனியாகப் போகாதீர்கள். தெருவாகச் சேர்ந்து போங்கள். எடையைப் பாருங்கள். அரிசியோடு பருப்பும் எண்ணெயும் மாதம் தவறாமல் வேண்டும் என்று எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு மனுக் கொடுங்கள். ஒரு குரல் என்றால் அலட்சியம் செய்வார்கள். ஊரே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்!