மெல்ல இறங்கும் எண்

(சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



எம்மைப் பேசும்படி பணித்தவர்கள் தலைப்பை எமது விருப்பத்திற்கே விட்டனர். சமயமோ இலக்கியமோ கேட்க வந்த பெரியோர் பொறுத்தருள வேண்டும். எமது வீட்டிலே ஓராண்டுக்கு மேலாக ஓர் எண்ணைப் பற்றியே பேச்சு. அதனையே இங்கும் கொண்டுவந்திருக்கிறோம்.

எமது பெரியம்மாவுக்கு நாட்பட்ட மைலோயிட் லூக்கீமியா என்னும் இரத்தப் புற்றுநோய். பெயரைக் கேட்ட அன்றே வீட்டில் அழுகை எழுந்தது. ஆயினும் இந்நோயின் வரலாற்றிலே நம்பிக்கைக்கும் இடமுண்டு. 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே நோவெல், ஹங்கர்போர்ட் என்னும் இருவர், இந்நோயாளரின் குழியங்களில் வழக்கத்திலும் சிறிதான ஒரு நிறமூர்த்தத்தைக் கண்டனர். 9ஆம் 22ஆம் நிறமூர்த்தங்கள் தம்முள் துண்டு மாற்றிக்கொண்டதன் விளைவே அது என 1973இல் ஜனற் றௌலி அம்மையார் விளக்கினார். அவ்வாறு ஒட்டிப் பிறந்த பிழையான பரம்பரையலகு ஒரு புரதத்தை ஆக்குகின்றது. அப்புரதம் ஓயாது ஏவ, என்பு மச்சையிலே வெண்குழியங்கள் அளவின்றிப் பெருகுகின்றன. அந்த ஏவலைத் தடுக்கும் இமற்றினிப் என்னும் குளிசை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதனைப் பழைய மருந்தோடு ஒப்பிட்ட பெரிய ஆய்விலே, இக்குளிசையோடு தொடங்கியவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 83 பேர் பத்தாண்டின் பின்னும் உயிரோடிருப்பர் எனக் கணக்கிட்டனர்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை இரத்தத்தை எடுத்துப் பிழையான பரம்பரையலகு எவ்வளவு எஞ்சியுள்ளது என்று அளப்பர். மூன்றாம் மாதத்தில் நூற்றுக்கு 10க்கு மேற்படாமலும், ஆறாம் மாதத்தில் 1க்கு மேற்படாமலும், ஓராண்டில் 0.1க்கு மேற்படாமலும் இருத்தல் நன்று என்பர். பெரியம்மாவுக்கு மூன்றாம் மாதத்தில் வந்தது 14.

நாம் சோதனை எழுதியே வளர்ந்தவர்கள். எந்த எண்ணைக் கண்டாலும் சித்தியா, தவறா என்றே பார்ப்போம். பெரியம்மாவும் அப்படியே பார்த்தார். அந்தத் துண்டை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டார். பார்க்க வந்தவர்களோ வாளாவிருக்கவில்லை. வினைப்பயன் என்றார் ஒருவர். மருந்தை விட்டுவிட்டு மூலிகைக் கஷாயம் குடிக்கச் சொன்னார் இன்னொருவர். விரதத்தை இன்னுங் கூட்டினாற் குணமாகும் என்றோரும் உளர். நாம் படித்தது மிஷன் பாடசாலையில். அங்கே கேட்ட யோபுவின் கதை எமக்கு நினைவுக்கு வந்தது. துன்புற்றவனைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் பேசாது அவனருகே அமர்ந்திருந்தனர். அதுவரையில் நல்ல நண்பராகவே இருந்தனர். வாய் திறந்த பின்னரன்றோ, நீ என்ன பிழை செய்தாய் என்று விசாரிக்கத் தொடங்கினர்!

விடுமுறையில் வீட்டுக்குச் சென்றிருந்த நாம், ஒருநாள் தேயிலைத்தூள் எடுக்கப்போய், அலுமாரியில் ஒரு பழைய போத்தலைக் கண்டோம். அதனுள்ளே குளிசைகள். எண்ணினோம். மூன்று மாதத்திற்குக் கொடுத்த 90 குளிசைகளில் 18 மிஞ்சியிருந்தன.

"பெரியம்மா, இதுகள் ஏன் மிஞ்சினது?"

"வெள்ளிக்கிழமை காலமை வெறுவயிறெல்லோ பிள்ளை. சாப்பாட்டோடை போடச் சொல்லித்தானே டொக்டர் சொன்னவர். கந்தசட்டி ஆறு நாளும் அப்பிடித்தான்."

வெள்ளி 13, சட்டி 6, சட்டியுள் வந்த வெள்ளி ஒன்று, ஆக 18. கணக்குச் சரி! காலையிலே தவறிய குளிசையைப் பிந்திப் போடக்கூடாதென எண்ணி, மத்தியானம் சாப்பிட்டபோதும் அவர் அதனைத் தொடவில்லை. அவர் எதனையும் ஒளிக்கவில்லை. வினையை விசாரித்தவர்களுள் ஒருவர்தானும் குளிசையை விசாரிக்கவில்லை. நாமும் விசாரிக்கவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு நாமும் உடன் சென்று, மிஞ்சியதை மேசையில் வைத்தோம். டாக்டர் கோபிக்கவில்லை. நாள்தோறும் மத்தியானச் சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீருடன் போடும்படி மாற்றிக் கொடுத்தார். அப்படியானால் வெள்ளி விரதமும் கெடாது, குளிசையும் தவறாது. சட்டிக்கு என்ன செய்வதென்று கோயிற் குருக்களைக் கேட்டோம். நோயாளிக்கு ஒருநேரச் சாப்பாடு குற்றமன்று என்று அவர் உடனே சொல்லிவிட்டார். முன்னமே கேட்டிருக்கலாம்.

2010இல் இலண்டனிலிருந்து வெளியான ஆய்வொன்று, சில ஆண்டுகளாக இக்குளிசையில் இருந்தவர்களைப் பார்த்தது. குளிசையில் நூற்றுக்கு 80 பங்கோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்களுள் ஒருவரும் 0.1 என்னும் மட்டத்தை அடையவில்லை. 90இல் 72 எடுத்த பெரியம்மா அந்தக் கோட்டின் மேலேயே நின்றிருக்கிறார்.

விரதநாட் குளிசையைச் சரிசெய்ததும் எண் விழுந்துவிட்டது என்று சொல்ல எமக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஆறாம் மாதத்தில் 2.3. போத்தலில் ஒரு குளிசையும் மிஞ்சவில்லை, ஆயினும் 2.3. அன்றிரவு நாம் உறங்கவில்லை. குளிசை தடுக்கமுடியாதபடி அந்தப் புரதமே உருமாறிவிட்டதா என்று பார்க்கும் பரிசோதனைக்கும் இரத்தம் அனுப்பினர். மாறியிருந்தால் அதற்கேற்ற வேறு குளிசைகள் உண்டு. டசற்றினிப் 2006இலும் நிலொற்றினிப் 2007இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பிற்பாடு வேறு சிலவும் வந்தன. பெரியம்மாவின் இரத்தத்தில் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை.

டாக்டர் ஒரு கடதாசியிலே மூன்று புள்ளிகளை இட்டு ஒரு கோட்டால் இணைத்துக் காட்டினார். "எங்கே நிற்கிறது என்பதோடு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதையும் பார்க்கவேண்டும்" என்றார். 2014இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வும் இதனையே கூறுகின்றது. மூன்றாம் மாதத்தில் 10க்கு மேல் நின்றவர்களுள்ளும், 76 நாளுக்குள் எண் பாதியாகக் குறைந்தவர்களின் நிலை, அவ்வாறு குறையாதவர்களின் நிலையைவிட நல்லதாக இருந்தது. அதனாற் குளிசையை மாற்றாது, அடிக்கடி பார்ப்போம் என முடிவாயிற்று.

கஷாயம் பற்றியும் கேட்டோம். சென் ஜோன்ஸ் வோர்ட் என்னும் மேனாட்டு மூலிகை இக்குளிசையின் அளவை இரத்தத்திற் குறைத்துவிடும் என்பது தெரிந்த விடயம். ஆகவே எதைக் குடிப்பதானாலும் தம்மைக் கேட்டே குடிக்க வேண்டும் என்றார். பெரியம்மா கஷாயத்தை வாழையடியில் ஊற்றினார். வாழைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஓராண்டில் வந்த எண் 0.6. இன்னும் 0.1 ஆகவில்லை. கண்ணிமை வீக்கமும் இரவிலே கால் பிடித்து இழுப்பதும் உண்டு. சில நாள் அவருக்குச் சலிப்பு வருகிறது. அந்நாட்களில் நாம் புத்தி சொல்வதில்லை, காலைப் பிடித்துவிடுவோம். வருகிற மாதம் மீண்டும் இரத்தம் எடுப்பர். டாக்டர் கோடு கீறிய கடதாசியை அவர் தலையணைக்குக் கீழே வைக்கவில்லை. சுவாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியிலே, நாட்காட்டியோடு சேர்த்துக் கொளுவியிருக்கிறார். நாட்காட்டியில் ஒவ்வொரு நாளின் மேலும் பென்சிலால் ஒரு சிறு கீறு, வெள்ளிக்கிழமைகளில் இரண்டு.