மலிவு சர்வரும் மின்கணக்கும்



சும்மா இருக்கும் கணினியின் நேரத்தை அறிவியலுக்குத் தானமாகத் தரலாம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான 'பாயிங்க்' என்ற இலவச மென்பொருள் போதும். 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' திட்டத்தில் இப்படித் தன்னார்வலர்களின் கணினிகள் 2010-இல் ஒரு புதிய பல்சர் விண்மீனையே கண்டுபிடித்தன.

இதற்கென்று இரண்டு பிராசஸர் உள்ள பழைய சர்வரை மலிவாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வங்கிக் குமாஸ்தாவின் கணக்கு. 300 வாட் இழுத்தால் நாளுக்கு 7.2 யூனிட், 60 நாள் பில்லில் 432 யூனிட். இரவில் எட்டு மணி நேரம் மட்டும் ஓட்டினால் 144தான். விலை ஒருமுறை, மின்கட்டணம் ஒவ்வொரு பில்லிலும். எனவே வாங்குமுன் எத்தனை வாட் என்று கேளுங்கள். பொது மீட்டரில் மட்டும் செருகாதீர்கள்; தானம் நம் கைக்காசாகவே இருக்கட்டும்.