பூன் லே கப்பற்பட்டறைகளில் உயரத்துப் பணி



சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் பூன் லே என்றொரு வட்டாரம் உள்ளது. சூ பூன் லே என்னும் சீன வணிகரின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. அவர் அங்கே கம்பீரும் மிளகும் பயிரிட்டார். பின்னர் இரப்பரும் நட்டார். ஆகவே, ஒரு காலத்தில் அதுவும் நம்முடையதைப் போன்றதொரு தோட்டமே. 1961ஆம் ஆண்டு ஜூரோங் தொழிற்பேட்டை தொடங்கப்பெற்ற பின், பால்மரங்கள் போய்த் தொழிற்சாலைகள் வந்தன. அதனையடுத்த கடற்கரையிலும் துவாஸிலும் அமைந்த பட்டறைகளில், கடலடியில் எண்ணெய் எடுப்பதற்கான துரப்பண மேடைகள் பல்லாண்டுகளாகக் கட்டப்பெற்றும் பழுதுபார்க்கப்பெற்றும் வந்துள்ளன. நம் பிள்ளைகள் 'ரிக்' என்று கூறுவது இதனைத்தான்.

தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தோருடன், நம் தோட்டத்து இளைஞரும் ஜொகூரைக் கடந்து சென்று அங்கே பற்றவைப்பாளராகவும், சாரம் கட்டுவோராகவும், சாயம் பூசுவோராகவும் பணிபுரிகின்றனர். தோட்டங்களுக்கு நாம் செல்லும்போதெல்லாம், "சம்பளம் எவ்வளவு? தங்குமிடம் எப்படி?" என்று பெற்றோர் கேட்கின்றனர். "என் மகன் எத்தனை அடி உயரத்தில் நின்று வேலை செய்கிறான்?" என்று கேட்டோர் மிகச் சிலரே. இன்று அந்தக் கேள்வியைப் பற்றியே பேச விரும்புகின்றோம்.

கால்களை ஊன்றி நிற்கும் துரப்பண மேடை எத்தகையது என்பதை முதலில் அறிதல் நலம். மிதக்கும் தளம் ஒன்று. அதனூடே இறங்கிக் கடலடியில் ஊன்றும் இரும்புக் கால்கள் மூன்று. பெரிய மேடைகளில் ஒவ்வொரு காலும் 400 அடிக்கும் மேற்பட்ட நீளமுடையது. பட்டறையில் அக்கால்கள் வானளாவி நிற்க, அவற்றின் குறுக்குக் கம்பிகளிடையே சாரம் கட்டி ஆட்கள் வேலை செய்வர். மேடை கடலுக்குச் சென்ற பின்பும் உயரம் விடுவதில்லை. துளைக்கும் குழாய்களை வரிசையாக நிறுத்துபவர், கோபுரத்தின்மீது ஏறக்குறைய 80 அடி உயரத்தில், ஒரு சிறு பலகையிலிருந்து வெளியே சாய்ந்துதான் குழாயைப் பிடித்திழுக்க வேண்டும். எண்ணெய்த் தொழிலில் மிகவும் அஞ்சத்தக்க இடங்களுள் ஒன்று அது.

ஜூரோங் கப்பற்பட்டறையில் 2012 டிசம்பர் 3ஆம் நாள் இத்தகைய மேடை ஒன்று திடீரெனச் சாய்ந்தது. அதன்மேல் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்தனர். 89 பேர் காயமுற்றனர். சிலர் கடலில் குதித்தனர். உயிரிழப்பு நேராதது பெரும்பேறு என்றே கூற வேண்டும். அது செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. ஆனால் ஒருவர் தனியாகச் சாரத்திலிருந்து விழும்போது நான்கு வரிச் செய்தியோடு முடிந்துவிடுகின்றது. சிங்கப்பூரில் எல்லாத் தொழில்களிலும் சேர்த்து 2022இல் 46 பேரும், 2023இல் 36 பேரும், 2024இல் 43 பேரும் வேலையிடத்தில் மாண்டனர். உயரத்திலிருந்து விழுதல் இத்தகைய மரணங்களின் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகவே ஆண்டுதோறும் இருந்துவருகின்றது.

இனி, நாம் வற்புறுத்திக் கூற விரும்புவது யாதெனில், விழுந்து மாண்டோர் எல்லோரும் பாதுகாப்பு வார் இல்லாதவர்கள் அல்லர். வாரை உடலில் அணிந்தவாறே, கொக்கியை மட்டும் எங்கும் மாட்டாமல் விழுந்து இறந்தோரும் உண்டு. இங்கிருந்து அங்கே நகர்வதற்காகக் கொக்கியைக் கழற்றுகின்றனர். "இரண்டே அடிதானே" என்று எண்ணுகின்றனர். அந்த இரண்டடியில்தான் கால் வழுக்குகின்றது. இரட்டைக் கொக்கி வார் இதன்பொருட்டே வந்தது. ஒரு கொக்கி புதிய இடத்தில் மாட்டப்பெற்ற பின்னரே மற்றொன்றைக் கழற்ற வேண்டும். எந்தக் கணத்திலும் ஒன்றேனும் மாட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

எங்கே மாட்டுவது என்பதும் முக்கியமே. தலைக்கு மேலே, ஆளின் எடை விழுந்தாலும் அசையாத இரும்பில் மாட்ட வேண்டும். தண்ணீர்க் குழாயிலும் தளர்ந்த சாரக் கம்பியிலும் மாட்டுதல் கூடாது. வாரின் கயிறு ஏறக்குறைய ஆறடி. விழும் வேகத்தைத் தாங்க அதன் தையல் பிரிந்து மேலும் நீளும். அதன்கீழே மனிதனின் உயரம் வேறு. எனவே கொக்கி மாட்டிய இடத்திற்குக் கீழே ஏறக்குறைய 18 அடி வெற்றிடம் தேவை. பன்னிரண்டு அடி உயரத்தில் காலருகே கொக்கியை மாட்டினால், வார் இழுத்துப் பிடிக்குமுன் ஆள் தரையைத் தொட்டுவிடுவார்! அங்கே வேண்டுவது வார் அன்று. உறுதியான பலகையும் கைப்பிடிக் கம்பியும் உள்ள சாரமேயாகும். வாரில் தொங்குகின்றவரையும் விரைந்து இறக்க வேண்டும். கால்களில் குருதி தேங்கிச் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம்.

"நான் ஏணி வைத்து உயரத்தில் பால் வெட்டியவன், தென்னையில் ஏறியவன், எனக்கு உயரம் பழக்கம்" என்று நம்மவர் சிலர் பெருமைப்படுவதுண்டு. மரப்பட்டை காலைப் பற்றும். மழைநீரும் எண்ணெயும் படிந்த இரும்பு பற்றாது. மேலும், விழுகின்ற மனிதன் ஒரே நொடியில் 16 அடி கீழே வந்துவிடுகின்றான். பழக்கம் அந்த ஒரு நொடிக்குள் என்ன செய்யும்?

சிங்கப்பூரில் 2013ஆம் ஆண்டு முதல் உயரத்துப் பணிக்கெனத் தனி விதிகள் நடைமுறையில் உள்ளன. இரண்டு மீட்டருக்கு மேல் விழக்கூடிய திறந்த ஓரங்களுக்குத் தடுப்பு வேண்டும். மூன்று மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலைக்கு எழுத்துமூலமான வேலை அனுமதி வேண்டும். அஃதாவது, பொறுப்பாளர் இடத்தைப் பார்த்த பின்னரே ஆளை ஏற்ற வேண்டும். அலுவலக மேசையிலேயே கையொப்பமிட்ட அனுமதித் தாளை நம்பி ஏறுதல் தகாது. கொக்கி மாட்ட இடமில்லையெனில், "எங்கே மாட்டுவது, காட்டுங்கள்" என்று மேற்பார்வையாளரிடம் அமைதியாகக் கேட்கலாம். பெரும்பாலான சமயங்களில் அந்தக் கேள்வியே போதும். அதன் பின்னும் வற்புறுத்தினால் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வழியுண்டு. நம் நாட்டிலோ, உடனடி ஆபத்து உள்ள இடத்தைவிட்டு விலகிக்கொள்ளும் உரிமையை 2024 ஜூன் முதல் நாளிலிருந்து சட்டமே தொழிலாளருக்கு அளித்துள்ளது.

வேலையை இழப்போமோ, வாங்கிய கடன் நிற்குமே என்ற அச்சம் பிள்ளைகளின் வாயை அடைத்துவிடுகின்றது என்பதை நாம் அறியாமல் இல்லை. அந்த அச்சத்தைக் குறைக்க வல்லவர்கள் பெற்றோரே. அடுத்த விடுமுறையில் மகன் லயத்துக்கு வரும்போது, எவ்வளவு கொண்டுவந்தான் என்று கேட்குமுன், கொக்கியை எங்கே மாட்டுகின்றான், நகரும்போது எப்படி மாற்றுகின்றான் என்று கேளுங்கள். ஒரு கயிற்றைக் கொடுத்துத் திண்ணைத் தூணில் செய்துகாட்டச் சொல்லுங்கள். தம்பிமார்களும் அருகிலிருந்து பார்க்கட்டும். அடுத்த ஆண்டு அவர்களும் போகக்கூடும்.