14 நாள் மாத்திரை

 

இன்று பாடப் புத்தகத்தை மூடி வைப்போம். மழை தொடங்கிவிட்டது. மும்பையில் மழை வந்தால் பின்னாலேயே மலேரியாவும் வரும். அதைப் பற்றிப் பேசுவோம்.

மலேரியா எப்படி வருகிறது? கெட்ட காற்றாலா? பனியாலா? இல்லை. அனாபிலஸ் என்னும் பெண் கொசு கடிப்பதால் வருகிறது. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் 1897இல் கண்டார். நம் நாட்டில், செகந்திராபாத்தில்தான் கண்டார்.

நம் நகரத்தில் இந்தக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மூடாத தொட்டி, டிரம், கட்டட வேலை நடக்கும் இடத்தில் தேங்கிய நீர் ஆகியவைதான் அதன் வீடு. அங்கேயே வேலை செய்து, அங்கேயே படுத்துத் தூங்குகிறவர்கள் யார்? நம் ஆட்கள்தானே?

இப்போது என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

என் சித்தப்பா கொத்தனார். ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. மாநகராட்சி மருந்தகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியா. இரண்டு வகை மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று 3 நாளுக்கு. இன்னொன்று 14 நாளுக்கு. காசு வாங்கவில்லை.

நாலாம் நாள் காய்ச்சல் இல்லை. சித்தப்பா வேலைக்குப் போய்விட்டார். மீதி மாத்திரை அலமாரியில் கிடந்தது. மருந்துச் சீட்டில் 14 நாள் என்று எழுதியிருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நான் வாசித்துக் காட்டவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே காய்ச்சல் திரும்பி வந்தது. ஒரு வகை மலேரியாக் கிருமி ஈரலில் ஒளிந்து கிடக்குமாம். அதை அழிக்கத்தான் அந்த 14 நாள் மாத்திரை.

அதே வாரம் சித்திக்கும் காய்ச்சல். அவர் நாலு மாதக் கர்ப்பிணி. அலமாரியில் கிடந்த மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர் ஓடி வந்து தடுத்தார். "இது பிரைமாகுயின் அம்மா. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் சாப்பிடக் கூடாது" என்றார். சித்திக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் நலம். அன்றுதான் நான் இந்த வகுப்பு எடுக்க முடிவு செய்தேன்.

அரை நாள் கூலி போகுமே என்றுதான் நாம் பரிசோதனைக்குப் போவதில்லை. கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். சித்தப்பாவுக்கு இரண்டாம் தடவை ஒரு மாதக் கூலி போயிற்று. எது லாபம்? நீங்களே சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனையிலும் மாநகராட்சி மருந்தகத்திலும் மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இது தர்மம் அல்ல, நம் உரிமை. ஊர்ப்புறத்தில் ஆஷா பணியாளரே விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சுமார் கால் மணி நேரத்தில் சொல்லிவிடுவார். ஒடிசாவில் 2017 முதல் மலைக்காட்டுக் குடியிருப்புகளுக்கே போய், காய்ச்சல் இல்லாதவர்களையும் சோதித்து மருந்து கொடுத்தார்கள். அங்கே மலேரியா வெகுவாகக் குறைந்தது.

இவற்றை மறக்க வேண்டாம்:

காய்ச்சல் வந்தால் அன்றே, தவறினால் மறுநாளே ரத்தம் சோதிக்க வேண்டும்.

கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும்.

கொடுத்த மாத்திரையை முழுவதும் சாப்பிட வேண்டும். இடையில் சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் நிறுத்திவிட்டு, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வலிப்பு, மயக்கம், விடாத வாந்தி, மஞ்சள் காமாலை இருந்தால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒருவர் மாத்திரையை இன்னொருவர் சாப்பிடக் கூடாது.

இன்று நீங்கள் எண்களை வாசிப்பீர்கள். உங்கள் வீட்டில் மருந்துச் சீட்டு இருந்தால் நாளை கொண்டு வாருங்கள். எத்தனை நாள் என்று நாமே வாசித்துப் பார்ப்போம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாசித்துச் சொல்லுங்கள். நான் அன்று செய்யத் தவறியது அதைத்தான்.